பாண்டியம்மாள் பெயரில் நான் எழுதியது

முதலிலேயே ஒன்று சொல்லிவிடுகிறேன். புதிதாகச் சேர்ந்திருக்கும் நிருபர்களுக்கு வகுப்பு எடுக்க வேண்டும் என்று என்னைக் கூப்பிட்டவர்கள், 'ஒரு கட்டுரையை யார் பார்வையில் எழுதுவது' என்று தலைப்பும் கொடுத்துவிட்டார்கள். கூடவே சால்வை ஒன்றும் வாங்கி வைத்திருப்பதாகக் கேள்வி. அதை வேறு யாருக்காவது போடுங்கள். இந்த மதுரை வெயிலில் எனக்கு அது எதற்கு? நான் சொல்லப்போகிற விஷயத்தைக் கேட்டபிறகு உங்களுக்கே அதைப் போர்த்த மனசு வராது.

போன வாரம் உங்களில் ஒருவர், பேர் சொல்ல மாட்டேன், பயப்படாதீர்கள், தான் எழுதிய கட்டுரையை எனக்கு வாட்ஸ்அப்பில் அனுப்பினார். "நான் மாட்டுத்தாவணியில் பூ கட்டுகிறேன்" என்று ஆரம்பம். முழுக்க அந்தப் பூக்காரம்மாவே பேசுகிறார். அதிகாலைக் குளிரில் விரல் மரத்துப்போனதாம். செத்துப்போன அம்மா ஞாபகம் வந்ததாம். ஒரு சொட்டுக் கண்ணீர் மல்லிகை மேல் விழுந்ததாம். நான் போன் போட்டுக் கேட்டேன்.

"ஏம்ப்பா, கண்ணீர் மல்லிகை மேல விழுந்துச்சுன்னு அந்தம்மா சொன்னாங்களா?"

"இல்ல சார். ஒரு ஃபீலுக்காக நானாச் சேத்தேன்."

ஃபீலுக்காக! மதுரையில் விரல் மரத்துப்போகிற குளிர் எந்த மாசம்ப்பா அடிக்குது என்று வாய்வரை வந்தது, அடக்கிக்கொண்டேன். கட்டுரை வாசிக்க நன்றாகத்தான் இருந்தது. எனக்குப் பயம் வந்ததே அதனால்தான். நானும் ஒரு தடவை நன்றாக எழுதினேன். அதைத்தான் சொல்லப்போகிறேன். குறிப்பு எடுக்க வேண்டாம், பேனாவை மூடி வையுங்கள்.

அப்போது எனக்கு வயசு ஐம்பத்திரண்டு. சின்னப் பையன், தெரியாமல் செய்துவிட்டான் என்று எனக்காக யாரும் வக்காலத்து வாங்க முடியாது. இந்தத் தொழிலில் கால் நூற்றாண்டு ஓட்டியாகிவிட்டது. அறிமுகம் ஆகாத ஊரில் போய் இறங்கி, அரை மணி நேரத்தில் யாரிடமும் கதையைக் கறந்துவிடுவேன் என்று எனக்கு ஒரு திமிர் உண்டு. ஆபீஸிலும் அந்தத் திமிருக்குத் தண்ணீர் ஊற்றி வளர்த்தார்கள்.

திருமங்கலத்துக்கு அந்தப் பக்கம் ஒரு நெல் மில்லில் பாய்லர் வெடித்தது. மத்தியான நேரம். நெல்லை அவிப்பதற்கு ஆவி தயாரிக்கிற பாய்லர். அதை ஓட்டிய மாயாண்டியும், பக்கத்துக் களத்தில் நெல் காயப்போட்டுக்கொண்டிருந்த இரண்டு பெண்களும் செத்துப்போனார்கள். மூன்று பேரும் ஒரே ஊர், ஒரே தெரு. மில் முதலாளி அன்றைக்கே சொல்லிவிட்டார், பாய்லர்காரன் தூங்கிவிட்டான், ஆவி ஏறியதைக் கவனிக்கவில்லை, அதுதான் காரணம் என்று. மறுநாள் எல்லாப் பேப்பரிலும் அதுவே வந்தது. எங்கள் பேப்பரிலும்தான்.

பத்து நாள் கழித்து, ஞாயிற்றுக்கிழமை இணைப்புக்கு ஒரு உருக்கமான கட்டுரை வேண்டும் என்று என்னை அனுப்பினார்கள். மாயாண்டியின் மனைவி பாண்டியம்மாள் வீட்டுக்குப் போனேன். ஒற்றை அறை வீடு. ஒரே மகள் ப்ளஸ் டூ முடித்துவிட்டுத் திருமங்கலத்தில் ஒரு ஜவுளிக்கடையில் வேலை பார்த்தாள். வாசலில் எனக்கு ஒரு பிளாஸ்டிக் சேரைப் போட்டுவிட்டு, பாண்டியம்மாள் தரையில் உட்கார்ந்தார். வழக்கமாக இப்படிப்பட்ட வீடுகளில் முதலில் அழுகைதான் வரும். இந்த அம்மா அழவில்லை.

"அய்யா, எனக்கு வேற எதுவும் வேணாம். அவரு தூங்கலன்னு எழுதுங்க. அம்புட்டுத்தேன்."

"தூங்கலன்னு உங்களுக்கு எப்படித் தெரியும்மா?"

"வெடிச்சதுக்கு மொத நா மத்தியானம் சோறு கொண்டுபோனேன். என்னையக் கூப்பிட்டு மேல காமிச்சாரு. ஆவி கூடிப்போனா தானாத் தெறந்து வெளிய விடுற வால்வு ஒண்ணு இருக்கும்லய்யா, அதத் தெறக்க விடாம கட்டுக்கம்பி வச்சுச் சுத்திக் கட்டியிருந்துச்சு. 'ஆவி வீணாப் போகுதுன்னு கட்டிப்புட்டாகடி, எனக்கு நெஞ்சு படபடங்குது'ன்னாரு. அந்தக் கம்பிய என் ரெண்டு கண்ணால பாத்தேன்யா."

"முதலாளிகிட்ட சொன்னாரா?"

"'சொல்லிட்டேன், சீசன் முடியட்டும்ங்கிறாரு'ன்னு வீட்டுக்கு வந்து சொன்னாரு."

இவ்வளவுதான் அவர் சொன்னது. அதற்கப்புறம் தெருவைக் காட்டினார். செத்துப்போன இரண்டு பெண்களின் வீடும் எதிர்வரிசையில் இருந்தது. "கொழாயடியில என் கொடத்தத் தள்ளி வைக்கிறாகய்யா. தூங்கிக் கொன்னவன் பொண்டாட்டின்னு காதுபடப் பேசுறாக. பதினாறு வருசம் அந்த நெருப்புக்கு முன்னால நின்ன மனுசன்யா அவரு. ஒரு நா கண் அசந்தது கெடையாது."

நீங்கள் கவனிக்க வேண்டியது ஒன்று இருக்கிறது. அதிகாரிகள் வந்து பார்த்தபோது பாய்லர் சிதறிக் கிடந்தது. அந்த வால்வு மட்டும் கிடைக்கவில்லை. உதிரி இரும்போடு சேர்த்து யாரோ அள்ளிக்கொண்டு போய்விட்டார்கள். மில்லில் வேலை பார்த்த வடக்கத்திப் பையன்களை ஊருக்கு அனுப்பிவிட்டார்கள். உள்ளூர்க்காரர்கள் வாயைத் திறக்கவில்லை, அவர்களுக்கும் பிழைப்பு அங்கேதான். ஆக, வால்வில் கம்பி கட்டியிருந்ததைப் பார்த்தேன் என்று சொல்ல இந்த உலகத்தில் மிச்சம் இருந்த ஒரே ஆள் பாண்டியம்மாள். மாயாண்டியின் பேர் மிஞ்சுமா போகுமா என்பது அந்த ஒரு வாயில்தான் இருந்தது.

அந்த வாயைத்தான் நான் கடன் வாங்கினேன்.

முதலில் ஒழுங்காகத்தான் எழுதினேன். 'பாண்டியம்மாள் சொல்கிறார்' என்று வெளியே நின்று எழுதிய கட்டுரை. இணைப்புக்குப் பொறுப்பாக இருந்தவர் என் பழைய சிநேகிதர். வாசித்துவிட்டு உதட்டைப் பிதுக்கினார்.

"மாப்ள, அவர் கூறினார், இவர் தெரிவித்தார்னு போட்டா எவன் படிப்பான்? ஞாயித்துக்கிழமை கறி எடுக்கப் போற அவசரத்துல இருப்பான். அந்தம்மாவையே பேச விடு. நான்னு ஆரம்பி. பிச்சுக்கிட்டுப் போகும் பாரு."

அவர் மேல் பழியைப் போட்டு நான் நகர்ந்துகொள்ளப் போவதில்லை. அவர் சொன்னதும் எனக்கும் கை பரபரத்தது. உட்கார்ந்து 'நான்' என்று ஆரம்பித்தேன். முதல் ஒரு பக்கம் தண்ணீர் மாதிரி ஓடியது. அப்புறம் ஒரு இடத்தில் முட்டிக்கொண்டது. அந்த இடம் எது என்று சொன்னால் உங்களுக்கு உபயோகப்படும். வெளியே நின்று எழுதும்போது, 'வால்வு பற்றி முதலாளியிடம் சொன்னதாகக் கணவர் தன்னிடம் கூறினார் என்கிறார்' என்று ஒரு வரி போட்டால் வேலை முடிந்தது. யார் பார்த்தது, யார் கேட்டது என்பது அந்த வரிக்குள்ளேயே இருக்கும். 'நான்' என்று எழுத ஆரம்பித்ததும் அந்த வரி சப்பென்று ஆகிவிட்டது. கதையின் முக்கியமான இடத்தில், கதை சொல்கிறவளே அங்கே இல்லை! அவள் வீட்டில் உட்கார்ந்து சோறு பொங்கிக்கொண்டிருக்கிறாள்.

என்ன செய்தேன்? பாண்டியம்மாளை அங்கே கொண்டுபோய் நிறுத்திவிட்டேன்.

"தூக்குவாளியோடு ஆபீஸ் ரூம் வாசலில் நின்றேன். என் கண் முன்னால் அவர் கையெடுத்துக் கும்பிட்டுச் சொன்னார், 'முதலாளி, அந்தக் கம்பியை அவிழ்த்துவிடுங்க, உசுருக்கு ஆபத்து.' முதலாளி செல்போனிலிருந்து தலையைத் தூக்கவில்லை. 'சீசன் முடியட்டும் போ' என்றார்."

செல்போனிலிருந்து தலையைத் தூக்கவில்லை! அந்த ஒரு வரியை எழுதிவிட்டு எழுந்துபோய் டீ குடித்தேன், அவ்வளவு பெருமை எனக்கு. மாயாண்டி முதலாளியிடம் எங்கே வைத்துச் சொன்னார், எப்போது சொன்னார், பக்கத்தில் யார் இருந்தார்கள், இது எதுவும் என் நோட்டில் இல்லை. நான் கேட்கவே இல்லை. நேற்றுச் சேர்ந்த பொடியன்கூடக் கேட்டிருக்க வேண்டிய கேள்வி அது.

எங்கள் ஆபீஸில் பிழை திருத்தும் அம்மா ஒருவர் இருந்தார். மிஷன் ஸ்கூலில் தமிழ் சொல்லிக்கொடுத்துவிட்டு வந்தவர், அதனால் எல்லோருக்கும் அவர் டீச்சர். அதிகம் பேச மாட்டார். காகிதத்துக்குள் தலையை விட்டால் மத்தியானச் சாப்பாட்டுக்குத்தான் நிமிர்வார். என் கட்டுரையின் புரூஃபில் அந்த இடத்துக்கு நேராகப் பென்சிலால் எழுதியிருந்தார்: 'இவர் அப்போது அங்கே இருந்தாரா?'

நான் அதை எடுத்துக்கொண்டு அவர் மேஜைக்கே போனேன்.

"டீச்சர், ஒற்று மிகுமா மிகாதான்னு பாத்துக் குடுங்க, போதும். மத்தத நாங்க பாத்துக்கிறோம்."

பக்கத்து மேஜைக்காரர்கள் சிரித்தார்கள். அவர் ரப்பரை எடுத்து அந்த வரியை அழித்துவிட்டு, "சரிங்க தம்பி" என்றார். கட்டுரை அச்சுக்குப் போய்விட்டது.

ஞாயிற்றுக்கிழமை வந்தது. பாண்டியம்மாள் படம் பெரிதாக, மேலே பேர், கீழே முழுப்பக்கத்துக்கு 'நான், நான், நான்'. திங்கட்கிழமை ஆபீஸ் போன் ஓயவில்லை. ஆசிரியர் என்னை அறைக்குக் கூப்பிட்டுக் கையைக் குலுக்கினார். நாகமலை புதுக்கோட்டையிலிருந்து ஒரு பேராசிரியர் பேசினார், பாமர மக்களின் குரலை அப்படியே பதிவு செய்திருக்கிறீர்கள் என்றார். அப்படியே என்ற வார்த்தையைக் கேட்டும் எனக்கு உறைக்கவில்லை. நன்றி சார் என்றேன்.

அன்றைக்குச் சாயங்காலம் பாண்டியம்மாளும் பேசினார். மகள் போனைப் பிடித்துக்கொடுத்திருப்பாள்.

"அய்யா, மக வாசிச்சுக் காமிச்சா. நல்லா எழுதியிருக்கீக. எதுத்த வீட்டுக்காரி இன்னிக்குக் கொழாயடியில என் கொடத்தத் தூக்கி எடுப்புல வச்சுவிட்டாய்யா." அப்புறம் தயங்கித் தயங்கிக் கேட்டார். "ஒண்ணே ஒண்ணுங்கய்யா. மொதலாளிகிட்ட அவரு சொல்லயில நான் அங்கிட்டு நின்னதா வருதே. நான் நிக்கலையேய்யா?"

"அது ஒண்ணுமில்லம்மா. வாசிக்கிறவங்களுக்கு மனசுல பதியணும்ல, அதுக்காக அப்படி எழுதுறதுதான்."

"அப்படிங்களா. நீங்க படிச்சவுக, சரியாத்தேன் இருக்கும்."

இடுப்பில் குடம் ஏறிய சந்தோஷத்தில் அவர் அதை அதோடு விட்டுவிட்டார். நான் அவருடைய அந்த நம்பிக்கையில் குளிர்காய்ந்துகொண்டு போனை வைத்தேன். ஒரு திருத்தம் போட வேண்டும் என்று அன்றைக்கே தோன்றியிருந்தால், நாலு வரியில் எல்லாம் முடிந்திருக்கும்.

கட்டுரை கிளப்பிய சத்தத்தில் அரசாங்கம் விசாரணைக்கு உத்தரவு போட்டது. இந்த விசாரணையே என் எழுத்தால் வந்தது என்று நான் ஆபீஸில் நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு திரிந்தேன். அந்தச் செய்தியை எடுக்க வேறு நிருபர் போக வேண்டியது. நானே போகிறேன் என்று கேட்டு வாங்கிக்கொண்டு போனேன்.

ஒரு அரசு அலுவலக மாடியில் விசாரணை. மின்விசிறி கடகடவென்று ஓடுகிற அறை. அதிகாரி ஒரு பக்கம், மில் தரப்பில் ஒரு வக்கீல், பின்னால் மர பெஞ்சில் நானும் ஊர்க்காரர்கள் பத்துப் பேரும். எதிர்வீட்டுக்காரியும் வந்திருந்தார். பாண்டியம்மாள் புதுச் சேலையைக் கட்டிக்கொண்டு வந்திருந்தார். என்னைப் பார்த்ததும் தெரிந்த ஆள் ஒருவர் இருக்கிறார் என்கிற தைரியத்தில் தலையை ஆட்டினார்.

கம்பியைப் பற்றி நன்றாகத்தான் சொன்னார். எத்தனை சுற்று, எந்தப் பக்கம் முறுக்கியிருந்தது, துருப்பிடித்த கம்பியா புதுக் கம்பியா, எல்லாம் கேட்டார்கள். மூன்று சுற்று, புதுக் கம்பி, நுனி வெளியே நீட்டிக்கொண்டிருந்தது என்று பட்பட்டென்று சொன்னார். அதிகாரி நிமிர்ந்து பார்த்து எழுதிக்கொண்டார். எனக்கே புல்லரித்தது. அப்புறம் வக்கீல் எழுந்தார். கையில் எங்கள் ஞாயிற்றுக்கிழமை இணைப்பு.

"இது உங்க போட்டோதானம்மா?"

"ஆமாங்கய்யா."

"முதலாளிகிட்ட உங்க வீட்டுக்காரர் சொன்னதை ஆபீஸ் ரூம் வாசல்ல நின்னு உங்க கண்ணால பாத்ததா இதுல சொல்லியிருக்கீங்க. வெடிச்சதுக்கு மொத நாள் முதலாளி ஊர்லயே இல்லம்மா. கோயம்புத்தூர்ல அவர் மச்சினன் வீட்டுக் கல்யாணம். வீடியோ இருக்கு, தங்குன ஓட்டல் ரசீது இருக்கு. நீங்க யாரைப் பாத்தீங்க?"

பாண்டியம்மாள் சொன்னார், "நான் பாக்கலய்யா. போன்ல சொன்னதாத்தேன் அவரு வந்து சொன்னாரு."

போனில்! எனக்கே அப்போதுதான் தெரிகிறது. ஒரு வார்த்தை கேட்டிருந்தால் அன்றைக்கே அந்த அம்மா சொல்லியிருப்பார்.

"பேப்பர்ல நேர்ல. இங்க வந்து போன்ல. ஊர்ல இல்லன்னு நான் சொன்னதும் மாத்துறீங்க?"

"நான் அப்படிச் சொல்லலங்கய்யா. அவுக எழுதுனது."

"அவுக எழுதுனதா? நான் நின்னேன், நான் பாத்தேன்னு உங்க பேர்ல வந்திருக்கு. வந்து இம்புட்டு நாளாச்சு, மறுத்தீங்களா?"

"படிச்சவுக எழுதுனது சரியாத்தேன் இருக்கும்னு இருந்துட்டேன்."

அறையில் ரெண்டு மூணு பேர் சிரித்தார்கள். வக்கீல் அதிகாரி பக்கம் திரும்பினார். "ஐயா, இல்லாத ஆளைப் பாத்ததா சொன்னவங்க, இல்லாத கம்பியைப் பாத்ததா சொல்றதுல என்ன ஆச்சரியம்?" அவ்வளவுதான் சொன்னார், உட்கார்ந்துவிட்டார்.

பாண்டியம்மாள் திரும்பி என்னைப் பார்த்தார். கோபமாகப் பார்க்கவில்லை. நீங்கதான இருக்கீக, எந்திரிச்சுச் சொல்லுங்க என்கிற மாதிரி பார்த்தார். எழுந்து நின்று, "ஐயா, அந்த வரி என்னோட கற்பனை, அந்தம்மா சொல்லல" என்று சொல்ல எவ்வளவு நேரம் ஆகும்? ஒரு மூச்சு விடுகிற நேரம். அந்த நேரத்துக்குள் நான் எல்லாக் கணக்கும் போட்டேன். மில்காரன் பேப்பர் மேல் கேஸ் போடுவான். ஆபீஸில் மெமோ வரும். ஆறு வருஷம் சர்வீஸ் பாக்கி. மகள் கல்யாணம் பேசிக்கொண்டிருக்கிறோம். குனிந்து நோட்டில் எழுத ஆரம்பித்தேன். என்ன எழுதினேன் என்று இப்போது நினைத்துப் பார்த்தாலும் ஞாபகம் இல்லை. சும்மா பேனாவை ஓட்டிக்கொண்டிருந்தேன். என்னைப் போல ஒரு கோழை அந்த அறையில் இல்லை, அந்த வக்கீல்கூட அவனுடைய வேலையை நேராகச் செய்தான்.

சாயங்காலம் ஆபீஸுக்கு வந்து செய்தி எழுதினேன். இந்தத் தடவை வெகு சுத்தமாக, வெளியே நின்று. 'முந்தைய பேட்டிக்கும் தற்போதைய வாக்குமூலத்துக்கும் இடையே முரண்பாடு இருப்பது விசாரணையில் சுட்டிக்காட்டப்பட்டது.' அந்தப் பேட்டி எந்தப் பேப்பரில் வந்தது, யார் எழுதினது, அந்த ஆள் அந்த அறையிலேயே உட்கார்ந்திருந்தானே, ஒரு வார்த்தை கிடையாது. எழுதினவன் அந்தப் பக்கமே போகாத மாதிரி இருந்தது செய்தி.

டீச்சரிடம் புரூஃப் போனது. இரண்டு தடவை வாசித்தார். எழுந்து என் மேஜைக்கு வந்து காகிதத்தை வைத்தார்.

"இதுல திருத்துறதுக்குப் பிழை ஒண்ணும் இல்ல, தம்பி."

அவர் சத்தமாகச் சொல்லவில்லை. ஆனால் அதற்கப்புறம் ஓய்வு பெறும் வரைக்கும் என்னிடம் ஒரு வார்த்தை பேசவில்லை. கிறிஸ்துமஸுக்கு ஆபீஸ் முழுக்க கேக் கொண்டுவந்து கொடுப்பார், என் மேஜையைத் தாண்டிப் போய்விடுவார். எனக்கு அது வேண்டியதுதான்.

திருத்தம் போடலாமா என்று ஆசிரியரிடம் நான் கேட்காமலும் இல்லை. கேட்டேன். "நம்ம பேப்பர்ல வந்தது பொய்யின்னு நாமளே சொல்றதா? வேற வேலை இல்லையா?" என்றார். சரி சார் என்று வந்துவிட்டேன். அவர் முடியாது என்றதும் எனக்கு எவ்வளவு நிம்மதியாக இருந்தது தெரியுமா? இதை இதுவரை என் வீட்டில்கூடச் சொன்னதில்லை.

சில மாசம் கழித்து விசாரணை முடிவு வந்தது. பாய்லரை இயக்கியவரின் கவனக்குறைவே விபத்துக்குக் காரணம் என்று போட்டிருந்தார்கள். சாட்சி சொன்ன பெண்ணின் கூற்று நம்பத்தகுந்ததாக இல்லையாம், அவர் பேரில் வந்த உண்மையும் பொய்யும் ஒரே குப்பைக்கூடைக்குப் போனது. உண்மை அவருடையது. பொய் என்னுடையது. எங்கள் பேப்பரில் உள்பக்கத்தில் ஆறு வரி வந்தது.

இந்தக் கதையில் பாடம் எங்கே என்று முன்வரிசையில் இருக்கிறவர் பார்க்கிறார். சொல்கிறேன். யார் பார்வையில் எழுதுவது என்பது ரசனை விஷயம் என்று உங்களுக்கு யாராவது சொன்னால் நம்பாதீர்கள். கதை எழுதுகிறவர்களுக்கு அப்படி இருக்கலாம், அவர்கள் உருவாக்கிய ஆளை அவர்கள் என்ன வேண்டுமானாலும் செய்யட்டும். நம்முடைய ஆட்கள் மறுநாள் காலையில் குழாயடிக்குப் போகிறவர்கள். அடுத்தவர் வாயில் 'நான்' என்று எழுதினால், எழுதுகிற ஒவ்வொரு வார்த்தைக்கும் அவர்தான் பதில் சொல்ல வேண்டிவரும், நீங்கள் இல்லை. அவர் பேசியதை மேற்கோளுக்குள் வையுங்கள். அவர் பார்க்காததைப் பார்க்கவில்லை என்றே எழுதுங்கள், கட்டுரை சப்பென்று இருந்தால் இருந்துவிட்டுப் போகட்டும். சப்பென்ற கட்டுரையால் எவன் குடியும் கெட்டதில்லை. அதே மாதிரி, நீங்கள் செய்தது என்று ஒன்று இருந்தால், அங்கே 'நான்' போடுவதற்குக் கூசாதீர்கள். நான் இரண்டையும் தலைகீழாகச் செய்தவன்.

முடிவு வந்தபிறகு பாண்டியம்மாளைப் பார்க்கப் போனேன். மன்னிப்புக் கேட்கத்தான் போனேன் என்று இத்தனை வருஷமாக எனக்கு நானே சொல்லி வந்திருக்கிறேன். நிஜத்தில், அந்த அம்மா என்னைத் திட்டித் தீர்த்துவிட்டால் எனக்குத் தூக்கம் வரும் என்றுதான் போனேன்.

வீட்டுச் சாமான் எல்லாம் வாசலில் மூட்டையாகக் கட்டிக் கிடந்தது. மகளுக்குத் திருப்பூரில் வேலை கிடைத்திருந்தது, அம்மாவையும் கூட்டிக்கொண்டு போகிறாள். எதிர்வரிசையில் ஒரு வீட்டுக் கதவும் திறக்கவில்லை. என்னைப் பார்த்ததும் மகள் முகத்தைத் திருப்பிக்கொண்டு உள்ளே போய்விட்டாள். பாண்டியம்மாள் மட்டும் "வாங்கய்யா" என்றார். சேர் மூட்டைக்குள் போய்விட்டது போல, நின்றுகொண்டேதான் பேசினோம்.

"தப்பா நெனைக்காதீகய்யா, ஒண்ணு கேக்கணும்னு இருந்தேன். விசாரண நடந்த சேதியவும் மக வாசிச்சுக் காமிச்சா. அன்னிக்கு நீங்களுந்தேன் அந்த ரூம்ல இருந்தீக. ஆனா அதுல உங்களப் பத்தி ஒரு பேச்சையும் காணோமே?"

ஏதாவது சொல்ல வேண்டுமே என்று சொன்னேன்.

"சேதின்னா அப்படித்தாம்மா எழுதுவாங்க. எழுதுறவன் அதுக்குள்ள வரக்கூடாது."

என்னை மடக்க வேண்டும் என்றெல்லாம் இல்லை, நிஜமாகவே புரிந்துகொள்ளப் பார்த்தார்.

"அப்ப என்னையவும் அப்படியே வெளிய விட்டிருக்கலாமேய்யா" என்றார்.

மினி லாரி வந்து ஹாரன் அடித்தது. அவர் மூட்டையைத் தூக்கப் போய்விட்டார். நான் ஒரு கை பிடித்துத் தூக்கிவிடக்கூட இல்லை, ரோட்டுக்கு நடந்து வந்து மதுரை பஸ்ஸில் ஏறிவிட்டேன்.